மூப்பைத் தாமதப்படுத்துவதா, நோய்களை ஒவ்வொன்றாக எதிர்கொள்வதா?

மருதம்:
மூப்பையே தாமதப்படுத்த முயலும் ஆராய்ச்சிக்குப் பொதுநிதி கூடாது, அல்சைமர், பார்க்கின்சன் என ஒவ்வொரு நோயாக எதிர்கொள்வதே முறை என்று தும்பை எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வயதோடு இறப்பு அபாயம் மடங்கு மடங்காகப் பெருகுவதை பிரிட்டிஷ் கணிதவியலாளர் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் 1825-லேயே காட்டினார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. புற்றுநோயும் இதயநோயும் மறதிநோயும் வயதோடு சேர்ந்தே ஏறுகின்றன என்றால், அவற்றுக்குப் பொதுவான அடித்தளத்தை ஆராயாமல் விடுவதற்கு என்ன நியாயம்? 2009-இல் வெளியான ஆய்வில், 600 நாள் வயதான, அதாவது ஏற்கெனவே முதுமையை எட்டிவிட்ட எலிகளுக்கு ராபமைசின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, நீண்டநாள் வாழ்ந்த எலிகளின் ஆயுள் பெண் எலிகளில் 14 விழுக்காடும் ஆண் எலிகளில் 9 விழுக்காடும் கூடியது.

தும்பை:
அந்த எலிகளைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். ஆனால் ராபமைசின், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்களின் தடுப்பாற்றலை அடக்கத் தரப்படும் மருந்து. வாய்ப்புண்ணும் இரத்தக் கொழுப்பு உயர்வும் அதன் பக்கவிளைவுகள். நோயில்லாதவர் அதைப் பல்லாண்டுகள் விழுங்க வேண்டும் என்று எந்தத் துணிவில் சொல்வது? நம்மோடு நெருங்கிய உறவுடைய ரீசஸ் குரங்குகளில்கூட, உணவைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்று விஸ்கான்சின் ஆய்வு 2009-இல் சொன்னது. அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-இல் வெளியிட்ட முடிவோ நீளவில்லை என்றது. மறதிநோய் கண்ட என் தாயார் ஒருநாள் சீப்பைக் கையில் எடுத்துப் பல்முனைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை எங்கே வைப்பது?" என்று கேட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு இன்று தேவைப்படுவது இன்றைய நோய்க்கான மருந்து.

மருதம்:
உங்கள் தாயாரைப் பற்றிப் படித்து மனம் கனக்கிறது. ஆனால் அந்த மருந்துகளின் நிலையையும் பாருங்கள். 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற அல்சைமர் மருந்தான லெக்கனெமாப், 18 மாதங்களில் நோயின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வேறுபாடு 0.45 புள்ளிதான், அதற்கும் மூளை வீக்கம், இரத்தக்கசிவு என்னும் அபாயங்கள் உண்டு. அறிகுறி தெரியும்போது நரம்பணுக்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. அதனால்தான் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்கிறேன்.

ஆழிமுத்து:
முன்கூட்டியே தொடங்குவதென்றால் அதற்கும் சோதனை வேண்டுமே. நீரிழிவுக்கான மெட்பார்மின் மாத்திரை முதுமையின் நோய்களைத் தாமதப்படுத்துமா என்று 65 முதல் 79 வயது வரையுள்ள சுமார் 3,000 பேரிடம் ஆறு ஆண்டுகள் சோதிக்கும் திட்டம் ஒன்று, நிதிக்காகப் பல ஆண்டுகள் காத்துக்கிடந்திருக்கிறது. காப்புரிமை காலாவதியான மலிவான மாத்திரை என்பதால் இலாபம் பார்க்க நினைக்கும் எவரும் அதில் பணம் போட முன்வருவதில்லை. பொதுநிதி தேவைப்படும் இடமே இதுதான். இதைத் தும்பை மறுப்பாரா?

தும்பை:
சோதனையை மறுக்கவில்லை, முடிவு வருமுன்னே நலமாக இருப்பவர்கள் அந்த மாத்திரையை எடுக்கத் தொடங்குவதைத்தான் எதிர்க்கிறேன். உடற்பயிற்சியால் முதியவர்களுக்குக் கிடைக்கும் பலனில் ஒரு பகுதியை மெட்பார்மின் குறைத்துவிடுவதாக 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. தினமும் நடக்கும் ஒருவருக்கு அது நன்மையா தீமையா என்பதையும் அந்த 3,000 பேரிடம் சேர்த்து அளப்பதாக இருந்தால் பொதுநிதி தரலாம். அளக்காத சோதனைக்கு என் ஆதரவு இல்லை.