புதுப்பிப்பு: பெரிய டயருக்கு கிரவுன் பினியன் மாத்தணுமா?

என் டீசல் ஜீப்புக்கு 245/75 ஆர்16 கழட்டிட்டு 285/75 ஆர்16 போட்டா கிரவுன் பினியனும் (இன்ஜின் சுத்தை சக்கரத்துக்குத் திருப்பி விடற ஆக்ஸில் கியர்) மாத்தணுமான்னு முன்னாடி கேட்டிருந்தேனுங்க. டயர் போட்டாச்சு. கியர் மாத்தலை, இந்த டயருக்கு மாத்தவும் போறதில்லை.

விட்டம் 774 மி.மீ.யிலிருந்து 834 ஆயிருச்சு, கிட்டத்தட்ட 8 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டினா நெசத்துல 65 கிட்ட போகுது, பார்த்து ஓட்டணுங்க.

பண்ணாரி தாண்டி திம்பம் ஏறுற 27 வளைவுலதான் வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சுது. முன்னெல்லாம் வளைவு திரும்பினதும் மூணாவது கியர் தாங்கும். இப்ப ரெண்டாவதுலயே நல்லா இழுத்துட்டு அப்புறம்தான் மாத்த முடியுது. அவசரப்பட்டா இன்ஜின் திணறுது. தோப்புச் சேத்துல லோ கியர் போட்டா குறையே தெரியலை. எனக்கு அது போதும்.

பொள்ளாச்சி மெக்கானிக் அண்ணன் சொன்னது முக்கியம்: "தம்பி, ஃபோர்வீல் வண்டிக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்ஸிலுக்கும் ஒரே கியர் ரேஷியோ போடோணும். ஒண்ணை மட்டும் மாத்தி ஃபோர்வீல் போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கும்." டிரான்ஸ்ஃபர் கேஸ்ங்கறது முன்னாடி பின்னாடி ஆக்ஸிலுக்கு சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற பெட்டிங்க. செலவு ரெண்டு மடங்கு ஆகறது அதனாலதான். பேக்லாஷ் (கியர் பல்லுக்கு நடுவுல விடற இடைவெளி) சரியா வைக்கலைன்னா ஊளைச் சத்தம் வேற.

35 இன்ச் டயர் போடறவங்க கணக்கு வேற. விட்டம் 15 சதவீதம் கூடிரும், மலை ஏத்தத்துல கிளட்ச் தாங்காது. அவங்க மாத்திருங்க.