9999-12-31க்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?

> சென்டினல்னா காவலாள்தானே, "காவல் நாள்"னே வெச்சிடலாமே

வணக்கம். சென்டினல்னா புரோகிராம்ல உண்மையான மதிப்பு இல்லாத எடத்துல அடையாளத்துக்குப் போட்டு வைக்கிற தனி மதிப்பு, 9999-12-31 அந்த மாதிரி ஒண்ணு. அதுக்கு "காவல் நாள்" எனக்கு ஒட்டல, அன்னிக்கு யாரோ ராத்திரி காவலுக்கு நிக்கணும்போலத் தோணுது. அதவிட, இந்தச் சொல்லுல "நாள்", "தேதி" ரெண்டுமே வரக்கூடாதுன்னு நெனைக்கிறேன். ஏன்னா முடிவுத் தேதி கேக்குற இடத்துல 9999-12-31னு போடுறவங்க யாரும் அந்த வருஷத்த மனசுல வெச்சுப் போடுறதில்ல, ஆனா பாக்க தேதி மாதிரியே இருக்கா, பின்னாடி அந்த புரோகிராமத் தொடுற ஆளு அதையும் கூட்டிக் கழிக்க ஆரம்பிச்சுடுறாரு. பைத்தான் புரோகிராம் மொழில தேதி 9999ஓட முடிஞ்சுபோச்சு, ஒரு நாள் கூட்டினா எல்லை தாண்டிடுச்சுன்னு ஓவர்ஃப்ளோ எரர்தான். இன்னொண்ணு, கூடவே 23:59:59னு நேரமும் வெச்சிருப்பாங்க, அத கிரீன்விச்சுக்கு மேற்க இருக்குற ஒரு டைம்சோன்லேர்ந்து யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாத்தினா 10000ஆம் வருஷத்துக்குள்ள போயிடும், வருஷத்துக்கு நாலு இலக்கம்னு எழுதின புரோகிராம் அங்கயே படுத்துரும்.

2038 விவகாரத்த இதோட சேக்க வேணாம். அது வெறும் இடப்பற்றாக்குறை: 1970லேர்ந்து விநாடிய 32 பிட்ல எண்ணிட்டே வந்தா 2038 ஜனவரி 19, யூடிசி 03:14:07ஓட நெறஞ்சிடும், 64 பிட்டுக்கு மாத்தினா தீந்துச்சு. அதுக்கு "தேதி உச்சவரம்பு" போதும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியோட தேதி உச்சவரம்பு 275760 செப்டம்பர் 13னு எழுதினா யாருக்கும் புரியும் (அன்னிக்கு மீட்டிங் வெச்சிருக்கவங்க மட்டும் கவலப்படட்டும்).

9999ல உள்ள உண்மையான சிக்கலே அது ரெண்டு வேற வேற சேதிய ஒரே எண்ணுல அடைக்கிறதுதான். "இதுக்கு முடிவே கெடையாது"ங்கிறது ஒண்ணு, "எப்போ முடியும்னு இன்னும் தெரியல"ங்கிறது இன்னொண்ணு. போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல மொதல் வகைக்கு இன்பினிட்டின்னு (முடிவிலி) தனி மதிப்பே இருக்கு, வரிசைப்படுத்தினா எல்லாத் தேதிக்கும் பின்னாடி போய் நிக்கும். ரெண்டாவதுக்கு "நல்" (NULL, மதிப்பு எதுவும் இல்லங்கிற குறி) இருக்கு. இப்படிப் பிரிஞ்சு கெடக்கறத ஒரே சொல்லுல கட்டினா அந்தக் கொழப்பத்துக்கு நாமளே பட்டா போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்.

அதனால பொதுவா சென்டினலுக்கு "குறிமதிப்பு", அதுக்குள்ள "முடிவிலிக் குறி", "முடிவறியாக் குறி"ன்னு ரெண்டு. மூணாவது வாய்ல கொஞ்சம் மாட்டுது, ஒத்துக்குறேன், "முடிவறியா"வுக்குச் சின்னதா வேற ஏதாவது கெடச்சா எழுதுங்க.