இடி இடிக்கிறது, டெஸ்ட் எடுக்கலாமா? அவசரம்

ஷிஃப்ட்காரன் (மாலை 4.05):
பல்லடம் பக்கம் ஒரு மில்லில் இருக்கிறேன். லைன் கிளியர் (எல்சி, வேலைக்காக சப்ளையை நிறுத்திக் கொடுக்கிற அனுமதி) ஆறு மணி வரைக்கும்தான், ரீடிங் நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். மேற்கே இடி இடித்துக்கொண்டே இருக்கிறது, மழை இன்னும் வரவில்லை. சப்ளைதான் ஆஃப் ஆச்சே, எடுத்துவிடு என்கிறார் சூப்பர்வைசர். எடுக்கலாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வோல்ட்டு வேலு (4.08):
எந்த டெஸ்ட்? மெக்கரா (இன்சுலேஷன் டெஸ்ட்), எர்த்தா, டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலா? எத்தனை கேவி (ஆயிரம் வோல்ட்)? லைன் ஓவர்ஹெட்டில் வருகிறதா, கேபிளா?

கைராசி (4.09):
ரப்பர் கிளவுஸ், ரப்பர் மேட் இரண்டும் இருந்தால் போதும் தம்பி, நான் கொட்டுகிற மழையிலேயே வேலை பார்த்தவன். செல்போனை மட்டும் ஆஃப் செய்து தூர வைத்துவிடு, அதுதான் மின்னலை இழுக்கும்.

பியூஸ் கட்டை (4.11):
செல்போன் மின்னலை இழுக்காது. வெளியிலிருந்து ஒயர் வரும் பழைய லேண்ட்லைன் போனில்தான் ஆபத்து. போனை ஆஃப் செய்யாதீர்கள், புனே ஐஐடிஎம் (வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம்) வெளியிட்ட தாமினி ஆப்பைப் போட்டுப் பாருங்கள், உங்கள் இடத்தைச் சுற்றி எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும்.

யார்டு பெரியவர் (4.13):
டெஸ்ட் என்று மொட்டையாக ஒரு வார்த்தை போட்டால் நாங்கள் என்ன சொல்ல? இதைப் பற்றி இங்கே எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. மின்னல் தெரிந்ததும் எண்ணு. இடி வர எத்தனை விநாடி ஆகிறதோ அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, வேலையை நிறுத்து. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போன பிறகுதான் யார்டுக்குள் (டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிற வெளியிடம்) கால் வைக்க வேண்டும். அப்ரண்டிஸ் பையனுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம் இது.

ஷிஃப்ட்காரன் (4.16):
எர்த் பிட் (மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி) எத்தனை ஓம் என்று ரீடிங். 22 கேவி, ஓவர்ஹெட், டிபி ஸ்ட்ரக்சர் (இரட்டைக் கம்பம்). ஏபி ஸ்விட்ச் (லைனைத் துண்டிக்கும் கம்பத்து ஸ்விட்ச்) ஓபன். மின்னல் அரெஸ்டர் பிட்டில் லிங்க் (அரெஸ்டரைப் பிட்டோடு சேர்க்கும் இணைப்பு) கழற்றியாச்சு, ஸ்பைக்கும் (டெஸ்டுக்காக மண்ணில் தள்ளி அடிக்கும் கம்பி) அடித்தாச்சு. எண்ணிப் பார்த்தேன், 18. அடுத்தது 14.

வோல்ட்டு வேலு (4.18):
14 என்றால் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. டெஸ்டர், ஒயர் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் கட்டடத்துக்குள் போங்கள். லிங்க்கை மாட்டிவிட்டு வருகிறேன் என்று அங்கே நிற்காதீர்கள்.

சப்ளை ஆஃப் என்பதற்கும் மின்னலுக்கும் சம்பந்தமே இல்லை. ஏபி ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் லைன் வெட்டவெளியில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. எங்கேயோ விழுந்த மின்னல் அதில் ஓடி வந்து திறந்திருக்கிற பிளேடையும் தாண்டிவிடலாம். அதைத் தரைக்கு இறக்கத்தான் அரெஸ்டர், அந்த வழியைத்தான் இப்போது கழற்றி வைத்திருக்கிறீர்கள். ஸ்பைக் இன்னும் மோசம். சாதாரணமாக ஒரு மின்னலே 30,000 ஆம்பியர் வரும். பிட் 2 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் அந்தக் கணத்தில் பிட் 60,000 வோல்ட்டுக்கு ஏறும், தள்ளி அடித்த ஸ்பைக்கில் அந்த ஏற்றம் அவ்வளவாக இருக்காது. இரண்டு இடத்தையும் ஒயர் போட்டு டெஸ்டருக்குக் கொண்டுவந்து, அதன் பட்டனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நீங்கள். கைராசி அண்ணா, இருப்பதிலேயே பெரிய கிளாஸ் 4 கிளவுஸ்கூட 36,000 வோல்ட்டுக்குத்தான். மில்லில் ஆணியில் தொங்குவது எந்தக் கிளாஸ் என்று மணிக்கட்டு ஓரத்தில் போட்டிருக்கும், பாருங்கள்.

யார்டு பெரியவர் (4.21):
வேலு சொன்னது சரி. இன்னொன்று, லிங்க் போடாமல் எல்சியைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. ஆறு மணி தாண்டினாலும் பரவாயில்லை, செக்‌ஷன் ஆபீசுக்கு (சப்ளை கொடுக்கிற மின்வாரிய அலுவலகம்) இப்போதே போன் போட்டு, நாங்கள் சொல்லும்வரை லைனைச் சார்ஜ் செய்யாதீர்கள், சப்ளை கொடுக்காதீர்கள் என்று சொல்லு.

கைராசி (4.30):
சரி, மழை விட்டதும் எடுக்கட்டும். ஈர மண்ணில் ரீடிங்கும் நன்றாக வரும்.

பியூஸ் கட்டை (4.34):
நன்றாக வரும் என்பதுதான் பிரச்சினை. ஓம் குறைவாக இருந்தால்தான் நல்ல எர்த். ஈரத்தில் 2 ஓம் காட்டுகிற பிட், மண் காய்ந்ததும் 5 காட்டலாம். 1956 மின்சார விதிகளிலேயே, கோடைக் காலத்தில் காய்ந்த நாளில், குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று இருந்தது.

கைராசி (4.37):
அது சப்ளை கொடுக்கிற போர்டுக்குப் போட்ட விதி, மில்லுக்கு இல்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் பிட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாத மில் எது என்று சொல்லுங்கள்.

பியூஸ் கட்டை (4.41):
விதி போர்டுக்கு என்றாலும், மண் காய்ந்தால் ஓம் ஏறுவது மில்லுக்கும்தானே? தண்ணீர் ஊற்றி எடுத்த ரீடிங்கை நம்பி ஒரு ஆள் மோட்டாரைத் தொடுகிறான். எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

யார்டு பெரியவர் (4.50):
இந்தச் சண்டையைத் தனி இழையில் போடுங்கள். அந்தப் பையன் உள்ளே போனானா இல்லையா என்று முதலில் தெரியட்டும்.

ஷிஃப்ட்காரன் (இரவு 7.52):
டெஸ்ட் எடுக்கவில்லை. எல்லோரும் கேன்டீனுக்குள் வந்துவிட்டோம், பயங்கர மழை. இடி நின்று அரை மணி கழித்து லிங்க் மாட்டினோம், அப்புறம்தான் எல்சி ரிட்டர்ன். ரீடிங் வேறு நாள். நன்றி அண்ணா.

வோல்ட்டு வேலு (8.03):
நல்லது தம்பி. லிங்க் போல்ட்டில் துருவைத் தேய்த்துவிட்டுத்தானே முறுக்கினீர்கள்? அரெஸ்டருக்குத் தனிப் பிட்டா, டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் பிட்டோடு சேர்த்திருக்கிறதா? அதையும் சொல்லுங்கள்.