ஜூலனா, ஃபிட்ஸ்பாட்ரிக்கா?

காரைக்குடி முகப்பு:
பெண்கள் கிரிக்கெட்டில் வேகப்பந்தில் தலைசிறந்தவர் யார் என்று நேற்று சாயங்காலம் பேசினோம். பேச்சு நம்ம இந்திய அணியின் ஜூலன் கோஸ்வாமியில் வந்து நின்றது. ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட், பெண்களில் அவர்தான் முதலிடம். சரி. ஆனால் அதற்கு 204 ஆட்டம் ஆகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கேத்ரின் ஃபிட்ஸ்பாட்ரிக் 109 ஆட்டத்திலேயே 180 எடுத்துவிட்டார். விக்கெட்டுக்கு 17 ஓட்டம்கூட ஆகவில்லை, ஜூலனுக்கு 22. வேகப்பந்தில் தலைசிறந்தவர் ஃபிட்ஸ்பாட்ரிக்தான்.

கானாடுகாத்தான் ஆச்சி:
அண்ணே, கணக்கு சரிதான். யாரோடு சேர்ந்து ஆடினார், எத்தனை வாய்ப்பு கிடைத்தது என்பதையும் பாருங்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் 1997, 2005 இரண்டு உலகக் கோப்பையையும் வென்ற அணியில் இருந்தவர். ஜூலன் 2002 ஜனவரியில் சென்னையில் முதல் ஆட்டம் ஆடியபோது பெண்கள் கிரிக்கெட் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் (பிசிசிஐ) கைக்கே வரவில்லை. 2006-ல் இங்கிலாந்தின் டான்டனில் நடந்த டெஸ்ட்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 78 ஓட்டம் மட்டும் கொடுத்து 10 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைச் சாய்த்தார். தொடரே நமக்கு வந்தது. அப்படி வீசியவருக்கு அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2014-ல். 23 வயதில் வீசியவர் 31 வயது வரை காத்திருந்தார். அந்த எட்டு வருஷத்தை எந்த சராசரியில் சேர்ப்பீர்கள்?

காரைக்குடி முகப்பு:
கிடைக்காத ஆட்டத்துக்கு விக்கெட் எழுத முடியாது, ஆச்சி. 2005, 2017 இரண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திலும் தோற்றோமே.

தேவகோட்டை பொட்டல்:
லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த அந்த 2017 இறுதி ஆட்டத்தை நான் பந்து பந்தாகப் பார்த்தவன். இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 146 ஓட்டம். ஜூலன் பந்தில் சாரா டெய்லர் கீப்பரிடம் கேட்ச், அடுத்த பந்திலேயே ஃபிரான் வில்சன் எல்பிடபிள்யூ. ஜூலன் 10 ஓவரில் கொடுத்தது 23 ஓட்டம், எடுத்தது 3 விக்கெட். நாம்தான் 3 விக்கெட்டுக்கு 191 என்று இருந்து 219-ல் சுருண்டோம். 9 ஓட்டத்தில் போன கோப்பைக்கு அவர் என்ன செய்வார்? 2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக் கோப்பையை ஜெயித்த நம் பிள்ளைகள் கோப்பையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார்களே, அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

கானாடுகாத்தான் ஆச்சி:
என் மகளுக்குப் பதிமூன்று வயது. ஒரு பயிற்சி முகாமில் "பொம்பளப் பிள்ளைக்குச் சுழற்பந்து போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று ராத்திரி ஜூலன் ஓடிவந்து வீசுவதைப் போட்டுக் காட்டினேன். மறுநாளிலிருந்து ஊருணிக்கரைச் செம்மண்ணில் பதினேழு எட்டு வைத்து ஓடி வருகிறாள். முன்கால் விழும் இடத்தில் ஒரு சாண் குழி. நான்தான் தினமும் மண் போட்டு மிதிக்கிறேன். இதையும் கணக்கில் எழுதுங்கள், அண்ணே.

காரைக்குடி முகப்பு:
குழியில் ஓடவிடாதீர்கள், கணுக்கால் போய்விடும். இங்கே மேட் விரித்த பயிற்சி வலை இருக்கிறது, ஞாயிறு காலை கூட்டி வாருங்கள். புதுப் பந்து நான் தருகிறேன். ஆனாலும் என் ஓட்டு ஃபிட்ஸ்பாட்ரிக்குக்குத்தான்.

கானாடுகாத்தான் ஆச்சி:
ஆறரை பஸ்ஸில் வருகிறோம். ஃபிட்ஸ்பாட்ரிக் வீடியோ இருந்தால் எடுத்து வையுங்கள், அவளும் பார்க்கட்டும்.