கல்யாண ஜோடி ‘போடாதீங்க’ன்னு சொன்ன பாட்டை விருந்தாளி கேட்டா டிஜே போடலாமா?

பேஸ்பூஸ்ட்:
ஒரு கேஸ் சொல்றேன், நியாயம் யார் பக்கம்னு சொல்லுங்க. பொண்ணு மாப்ள ரெண்டு பேரும் சேர்ந்து போடக்கூடாத பாட்டுன்னு ஒரு லிஸ்ட் கொடுத்திருந்தாங்க, அதுல மக்கரேனா, சா சா ஸ்லைட், சிக்கன் டான்ஸ்னு எல்லா கல்யாணத்துலயும் போட்டு தேஞ்சு போன பாட்டெல்லாம் இருக்கு. ஃப்ளோர் நல்லா சூடா போயிட்டிருக்கப்ப பொண்ணோட அப்பா கன்சோல்கிட்ட வந்து மக்கரேனா போடுன்னார். லிஸ்ட்ல இருக்கு சார்னேன். உனக்கு காசு கொடுக்கறது நானா அவளான்னு கேட்டார். நான் போடல. மனுஷன் கோவிச்சுக்கிட்டு போய் உக்காந்தவர் கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. என்னைப் பொறுத்தவரை லிஸ்ட்டுன்னா லிஸ்ட்டுதான், அப்பா கேட்டாலும் சரி தாத்தா கேட்டாலும் சரி. கூட இருக்கற டிஜே பசங்களே நீ ஓவரா பண்ணிட்டேங்கறானுங்க, அதான் இங்க கேக்கறேன்.

பழையகேசட்:
தம்பி, நானும் இந்தத் தொழில்ல கேசட் காலத்துல இருந்து இருக்கேன், நீ பண்ணது ஓவர்தான். முதல்ல ‘தேஞ்சு போன பாட்டு’ன்னு சொல்றீங்களே, யாருக்கு தேஞ்சு போச்சு? வாரா வாரம் போடற உனக்கு. விருந்தாளி வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ கல்யாணத்துலதான் ஆடறான். மக்கரேனா 1996ல அமெரிக்காவோட பில்போர்டு சார்ட்ல 14 வாரம் முதல் இடத்துல இருந்த பாட்டு, அன்னிக்கு இருபது வயசுல இருந்தவங்கதான் இன்னிக்கு பொண்ணு மாப்ளைக்கு அப்பா அம்மா. அவங்க ஆடறதுக்குன்னு அந்த ராத்திரில மூணரை நிமிஷம் கிடையாதா?

கூட்டத்தில்ஒருத்தன்:
அண்ணே கரெக்ட். விருந்தாளி சார்பா நானும் ஒண்ணு சொல்லிக்கறேன். ஒரு ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு போனேன், தெரிஞ்ச பாட்டு எதுவுமே வரக்கூடாதுன்னு ஆர்டராம், பூரா அவங்க ரெண்டு பேரும் ஹெட்ஃபோன்ல கேக்கற பாட்டு, ஃப்ளோர்ல ஆடினது அவங்க ரெண்டு பேரும் ஒரு குட்டிப் பையனும்தான். நாங்கல்லாம் சுவரை ஒட்டி நின்னு போனை நோண்டிக்கிட்டு இருந்தோம். ஆடத் தெரியாத என்னை மாதிரி ஆளுக்கு சா சா ஸ்லைட் மாதிரி பாட்டுதான் கதி, இடது பக்கம் போ, வலது பக்கம் போன்னு பாட்டே சொல்லிக் கொடுக்குது, அது பிறந்ததே ஜிம்ல ஏரோபிக்ஸ் க்ளாஸுக்காகத்தான்.

பேஸ்பூஸ்ட்:
அந்த பாட்டு வந்தா நூறு பேர் வரிசையா நிக்கறது எனக்கும் தெரியும் ப்ரோ. முடிஞ்ச உடனே என்ன ஆகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பாதிப் பேர் கடமை முடிஞ்சதுன்னு சீட்டுக்கு திரும்பிடுவாங்க. நிமிஷத்துக்கு 125 பீட்ல அரை மணி நேரமா மெதுவா ஏத்தி வச்ச செட் அங்க அறுந்து போயிடும், மறுபடி முதல்ல இருந்து கட்டணும். அதுவும் இல்லாம நான் மட்டும் ஒண்ணும் இதை வெறுக்கல, 2017ல ஃபைவ்தர்ட்டிஎய்ட்ங்கற அமெரிக்க நியூஸ் சைட்டுல டிஜேக்கள்கிட்ட இந்த மாதிரி லிஸ்ட்டுகளை வாங்கி அலசினாங்க, முதல் இடத்துல சிக்கன் டான்ஸ், அடுத்து சா சா ஸ்லைட், அடுத்து மக்கரேனா. அந்த மூணையும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது டிஜேக்கள் இல்ல, கல்யாணம் பண்ணிக்கற ஜோடிகள்.

சும்மாவந்தேன்:
இதுக்கு சைக்காலஜில ஆராய்ச்சியே இருக்குங்க. திரும்பத் திரும்ப கேட்டா பிடிக்க ஆரம்பிக்கும்னு ராபர்ட் ஸாயன்ஸ் (Zajonc)னு ஒருத்தர் 1968லயே எழுதினார். ஒரு அளவுக்கு மேல போனா பிடிப்பு இறங்க ஆரம்பிச்சிடும்னு பெர்லைன்னு இன்னொருத்தர் அதுக்கப்புறம் சொன்னார். சிக்கல் என்னன்னா ஒரே ஹால்ல ஒருத்தர் ஏறிட்டிருப்பார், ஒருத்தர் உச்சில இருப்பார், பொண்ணு எப்பவோ இறங்கி முடிச்சிருக்கும்.

ராத்திரிக்கிளி:
எல்லாரும் ‘பிடிக்கல’, ‘போர்’னே பேசறீங்க. லிஸ்ட் கொடுத்த பொண்ணா நான் பேசறேன், கொஞ்சம் கேளுங்க. என் லிஸ்ட்ல இருந்தது நாலே பாட்டு. மூணு சும்மா பிடிக்காதது, போட்டிருந்தாலும் முகம் சுளிச்சிட்டு ஆடியிருப்பேன். நாலாவது எங்க அப்பாவோட ரிங்டோன். அவர் போனதுக்கப்புறம் எங்க வீட்ல அந்தப் பாட்டை யாரும் போடறதே இல்ல. ஆனா வெளில இருந்து கேக்கறவங்களுக்கு அது செம ஜாலியான டான்ஸ் பாட்டு. எங்க டிஜே மத்த மூணையும் ஒழுங்கா விட்டுட்டார், இதை மட்டும் யாரோ கேட்டாங்கன்னு போட்டுட்டார். பாட்டு ஆரம்பிச்ச உடனே அம்மா எந்திரிச்சு வெளிய போனாங்க, பின்னாடியே நான் ஓடினேன், உள்ள எல்லாரும் கைதட்டி ஆடிட்டிருக்காங்க. அப்புறம் கேட்டா ‘க்ரவுட் என்ஜாய் பண்ணாங்களே மேடம்’ங்கறார். பழையகேசட் அண்ணே, இதுக்கு என்ன சொல்றீங்க?

பழையகேசட்:
அது மன்னிக்கவே முடியாத வேலைம்மா. ஆனா அதையும் மக்கரேனாவையும் ஒரே தட்டுல வைக்காத. அதுவும் இதுவும் ஒண்ணா?

ராத்திரிக்கிளி:
ஒண்ணு இல்லதான். ஆனா பேப்பர்ல பாக்கறப்ப ரெண்டும் ஒரே மாதிரி ஒரு வரிதானே அண்ணே? எது சும்மா, எது நிஜம்னு டிஜேவுக்கு எப்படி தெரியும்? அதனாலதான் எதையுமே போடாதீங்கன்னு சொல்றேன்.

மைக்டெஸ்ட்:
நானும் டிஜேதான். சிஸ்டர் சொன்னதுதான் விஷயமே, ஆனா அதுக்கு நான் பண்றது வேற. லிஸ்ட்டை வாங்கி பாக்கெட்ல வச்சுக்கறதில்ல, ஜோடியோட உக்காந்து ஒவ்வொரு பாட்டுக்கும் ‘இது வந்தா என்ன ஆகும்’னு கேப்பேன். சிரிச்சாங்கன்னா அது போர் பாட்டு, உங்க அம்மாவே வந்து கேட்டா போடலாமா, ஒரு நிமிஷம் மட்டும் போட்டு அடுத்ததுக்கு தாவலாமான்னு அங்கயே முடிவு பண்ணிக்குவோம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு அமைதியானாங்கன்னா, பழைய காதலோ சாவோ எதுவோ ஒண்ணு, காரணம் கேக்க மாட்டேன், அந்தப் பாட்டை அன்னிக்கு ப்ளேலிஸ்ட்ல இருந்தே தூக்கிடுவேன், ரீமிக்ஸ், அதோட பீட்டை வேற பாட்டோட கலந்து பண்ண மேஷப் உட்பட. கை தவறி கூட வரக்கூடாது.

பேஸ்பூஸ்ட்:
நல்லாத்தான் இருக்கு. ஆனா விருந்தாளிகிட்ட எப்படி மறுப்பீங்க? என்கிட்ட பாட்டு இல்லன்னு சொன்ன காலமெல்லாம் போச்சு, உடனே போனை நீட்டி ‘ஹாட்ஸ்பாட் தர்றேன், டவுன்லோட் பண்ணிக்கோ’ங்கறான்.

மைக்டெஸ்ட்:
‘பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டாங்க’ன்னு மட்டும் சொல்லவே கூடாது. பழியை அவங்க தலைல போட்ட மாதிரி ஆயிடும், அடுத்த நிமிஷம் அந்த மாமா நேரா பொண்ணுகிட்ட போய் நிப்பார். நான் ‘வேற என்ன பிடிக்கும் சொல்லுங்க, அதை அடுத்து போடறேன்’ம்பேன். முக்காவாசிப் பேருக்கு அந்தப் பாட்டு முக்கியமில்ல, தன் பேச்சுக்கு மதிப்பு இருக்கணும், அவ்வளவுதான்.

கூட்டத்தில்ஒருத்தன்:
இல்ல பாஸ், எனக்கு நிஜமாவே பாட்டுதான் முக்கியம் 😄

பழையகேசட்:
சரி, ஒரு வழி சொல்றேன். பெரியவங்க ராத்திரி கடைசி வரைக்கும் இருக்கறதில்ல, அதனால பழைய பாட்டையெல்லாம் முதல் முக்கால் மணி நேரத்துலயே போடறதுதான் எப்பவும் வழக்கம். அந்த நேரத்துல பொண்ணு மாப்ள போட்டோ எடுக்கன்னு எப்படியும் வெளிய போவாங்க. அப்ப மக்கரேனாவை ஒரு நிமிஷம் போட்டுட்டு நகர்ந்துடு. பெருசுங்களுக்கும் சந்தோஷம், இவங்க காதுலயும் விழாது.

ராத்திரிக்கிளி:
அண்ணே உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா இது சுத்த ஏமாத்து வேலை. வீடியோல வராதா? நாலு பேர் ஸ்டேட்டஸ்ல போட மாட்டாங்களா? நேரா ‘உங்க அப்பாவுக்காக ஒரு தடவை போடட்டுமா’ன்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு போடறதுல என்ன கஷ்டம்?

பழையகேசட்:
கல்யாணத்தன்னிக்கு மேடைல நிக்கற பொண்ணுகிட்ட போய் பாட்டுக்கு பர்மிஷன் கேக்கறது உங்களுக்கு சுலபமா தெரியுது.

மைக்டெஸ்ட்:
பொண்ணுகிட்ட ஏன் கேக்கணும்? அன்னிக்கு யார்கிட்ட கேக்கறதுன்னு ஒரு ஆளை முன்னாடியே சொல்லச் சொல்லிடணும், தங்கச்சியோ ஃப்ரெண்டோ. அப்பா வந்தா அந்த ஆளைக் கை காட்டிட்டு நான் என் வேலையைப் பாப்பேன். பேஸ்பூஸ்ட் ப்ரோ, உங்க கேஸ்ல அக்ரிமென்ட்ல கையெழுத்து யாரோடது?

பேஸ்பூஸ்ட்:
…அப்பாவோடது.

பழையகேசட்:
😂😂 இதை முதல்லயே சொல்லிருக்கலாமேடா!

பேஸ்பூஸ்ட்:
கையெழுத்து அவரோடதா இருந்தாலும் கல்யாணம் அவரோடது இல்லயே அண்ணே. இன்னொரு தடவை நடந்தாலும் நான் போட மாட்டேன்.

முத்துமழை:
இடைல வர்றதுக்கு சாரி. எங்களுக்கு அடுத்த மாசம் கல்யாணம், டிஜேக்கு கொடுக்க போடக்கூடாத லிஸ்ட் ரெடி பண்ணோம், 64 பாட்டு வந்திருக்கு, அது போக 90ஸ் எதுவும் வேண்டாம், ராப் வேண்டாம்னு ரெண்டு வரி. போட்டே ஆகணும்னு இன்னொரு லிஸ்ட்ல 80 பாட்டு. டான்ஸ் டைம் மூணு மணி நேரம். ஓகேவா?

மைக்டெஸ்ட்:
மூணு மணி நேரம்னா 180 நிமிஷம். முழுசா போட்டா 50 பாட்டு சொச்சம்தான் போகும். 80ம் வேணும்னா எதையும் ரெண்டே கால் நிமிஷத்துக்கு மேல ஓட விட முடியாது, அப்பவும் விருந்தாளி கேக்கறதுக்கு இடமே இருக்காது. இந்த லெவல்ல கொடுத்தா உங்களுக்கு டிஜேவே தேவையில்ல, லேப்டாப் போதும். போட்டே ஆகணும்ங்கறதை 20க்குள்ள கொண்டு வாங்க. ‘90ஸ் வேண்டாம்’னு மொத்தமா அடிக்காதீங்க, அந்த ஒரு வரி 64 பாட்டை விட அதிகமா வெட்டும். எந்த 90ஸ் பாட்டு உங்களுக்கு ஆகாதோ அதை மட்டும் பேர் சொல்லி எழுதுங்க.

பழையகேசட்:
அந்த 64ல உன்னோடது எத்தனைம்மா?

முத்துமழை:
ரெண்டு. மீதி எல்லாம் அவரு எழுதினது. போட்டே ஆகணும்ங்கறது பூரா என்னோடது. இப்பத்தான் பாக்கறேன், அதுல பதினோரு பாட்டு அவரோட லிஸ்ட்லயும் இருக்கு.

மைக்டெஸ்ட்:
முதல்ல அந்த பதினொண்ணை ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிங்க. டிஜேகிட்ட அப்புறம் போகலாம்.