மறு: பெர்ஃபெக்ட் ரைம், நியர் ரைம் – பொத்தானில் என்ன எழுதுவது?

வணக்கம். ஆங்கிலச் சொல்லுக்கு ரைம் தேடித் தரும் நம் கருவியில், பெர்ஃபெக்ட் ரைம் (ஒலி முழுதாக ஒத்த ஜோடி), நியர் ரைம் (ஏறத்தாழ ஒத்த ஜோடி) என்ற பொத்தான்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ரைம் என்றால் எதுகைதான். முழு எதுகை, கிட்டத்தட்ட எதுகை என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாமே?

பார்க்கலாம்தான். ஆனால் எதுகை என்று எழுதினால், யாப்பு படித்தவர் அடியின் தொடக்கத்தில் போய்த் தேடுவார். முதல் எழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. ஆங்கில ரைம் சொல்லின் வாலில் நடக்கிறது. வால் ஒத்தால் அதற்கு இயைபு என்று தொல்காப்பியச் செய்யுளியலிலேயே பெயர் இருக்கிறது. "எதுகை மோனையாப் பேசுறான்" என்று வாய்ப்பேச்சில் சொல்வது வேறு. அங்கே யாரும் எழுத்தை எண்ணுவதில்லை. கருவியின் பொத்தானில் நிற்கப்போகிற சொல்லுக்கு அந்தத் தாராளம் ஆகாது.

ஆக, ரைம் என்பது இயைபு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெர்ஃபெக்ட், நியர் என்ற அடைமொழியில்தான் சண்டை.

நேற்று 'லவ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாளுக்கு நூறு தரம் காதில் விழுகிற சொல், ஆனால் சரியான ஜோடிக்கு அப்படியொரு பஞ்சம். அபவ், டவ், க்ளவ், ஷவ். அமெரிக்க உச்சரிப்பில் ஓ-எஃப் என்று எழுதும் குட்டிச் சொல்லும் 'அவ்' என்று ஒலித்து வந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். மேலே, புறா, கையுறை, தள்ளு. காதல் பாட்டில் வானமும் புறாவும் ஓயாமல் வருவதற்கு இந்த வறுமையும் ஒரு காரணம். கையுறையை வைத்துக்கொண்டு எத்தனை பாட்டு எழுத முடியும்? அதனால்தான் நியர் ரைம் தேவைப்படுகிறது.

கருவி எப்படித் தேடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வைக்க அது உதவும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியில் ஏறத்தாழ 1,34,000 சொற்கள் 39 ஒலியன்களாக (அடிப்படை ஒலிகளாக) பிரித்து வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் உயிரொலிக்கும் பக்கத்தில் 0, 1, 2 என்று அழுத்தக் குறி. கடைசியாக அழுத்தம் விழும் உயிரிலிருந்து சொல்லின் முடிவு வரை எல்லாம் ஒத்து, அந்த உயிருக்கு முந்தைய மெய் மட்டும் மாறினால் அது பெர்ஃபெக்ட் ரைம். லீவ்–பிலீவ் ஜோடியில் முந்தைய மெய்யும் ஒன்றே, அதனால் அதை நல்ல ரைமாக ஏற்பதில்லை. ஹாப்பி–சிட்டி இரண்டும் 'இ'யில் முடிந்தாலும் அழுத்தம் முன்னாலேயே விழுந்துவிடுவதால் அதுவும் தேறாது. நம் இயைபோ கடைசி எழுத்து ஒன்றினாலே போதும் என்று ஏற்றுக்கொள்ளும். ஆகவே வெறும் இயைபு போதாது, அடைமொழி கட்டாயம்.

'முழு இயைபு' எனக்கு உவப்பில்லை. அளவடியின் நான்கு சீரிலும் இயைபு வந்தால் முற்றியைபு என்று ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. முழு, முற்று இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி. ஒருநாள் முழுக்க என் ஆசை 'தலையியைபு' மேல் இருந்தது. முதல் எழுத்து ஒழிய சீரின் மற்ற எழுத்தெல்லாம் ஒன்றினால் தலையாகெதுகை. பெர்ஃபெக்ட் ரைமின் இலக்கணமும் கிட்டத்தட்ட அதேதானே! ஆனால் வீட்டில் சொல்லிப் பார்த்தபோது, "வாலில் நடக்கிறதுக்குத் தலைன்னு பேரா?" என்று ஒரே சிரிப்பு. கைவிட்டேன். 'நேரியைபு' என்றால் நியர் ரைம் என்றே கேட்கும், பெர்ஃபெக்டுக்கு அதை வைப்பது வம்பு. மிஞ்சுவது 'நிறை இயைபு'. யாப்பில் வரும் நிரையசையோடு குழம்பும் என்பார்கள். எழுத்தில் றகரம் காப்பாற்றும்.

> நிறை என்றால் மற்றது குறை. நிறை இயைபு, குறை இயைபு. ஜோடியே எதுகையாக வருகிறது.

வருகிறது, அதுதான் மயக்குகிறது. ஆனால் வேண்டுமென்றே நியர் ரைமைத் தேடிப் போகும் பாடலாசிரியரிடம் குறை என்று சொன்னால் அவர் தவறு செய்துவிட்டதுபோல் ஆகும். என் வாக்கு 'இன இயைபு'க்கு. காரணம் நன்னூலில் இருக்கிறது. தானம் (ஒலி பிறக்கும் இடம்), முயற்சி, அளவு, பொருள், வடிவு இவற்றில் ஒன்று முதலாக ஏதோ ஒரு பக்கம் ஒத்தால் இனம். 'ஓர்புடை ஒப்பு' என்பது பவணந்தியார் சொல். நியர் ரைமுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கே போய்த் தேட? வல்லின எதுகை, மெல்லின எதுகை என்றெல்லாம் யாப்பிலும் உண்டு. டைம்–லைன் எடுங்கள், ம், ன் இரண்டும் மெல்லினம். லேட்–லேக் வல்லினம். அப்படியே பொருந்துகிறது.

லவ்–டஃப், லவ்–எனஃப் வரும்போது கொஞ்சம் சறுக்கும். வகரம் நமக்கு இடையினம், 'ஃப்' நம் முப்பது முதலெழுத்துகளிலேயே இல்லை. ஆனால் இரண்டும் மேற்பல் கீழுதட்டைத் தொடப் பிறப்பவை, குரல் அதிர்வு மட்டும் வேறு. தானம் ஒத்ததால் இனம் என்று வாதாடலாம்.

லவ்–கம் போல உயிர் மட்டும் ஒத்தால் உயிரியைபு, லவ்–கிவ் போல இறுதி மெய் மட்டும் ஒத்தால் மெய்யியைபு. இவற்றில் யாருக்கும் மறுப்பு இராது என்று நினைக்கிறேன். எல்-ஓ-வி-ஈ, எம்-ஓ-வி-ஈ என்று கண்ணுக்கு ஒத்து, லவ்–மூவ் என்று காதுக்குப் பிரியும் வகைக்கு 'எழுத்தியைபு' வேண்டாம். நம் இலக்கணத்தில் எழுத்து என்பது முதலில் ஒலி, பொருள் தலைகீழாகிவிடும். 'வடிவியைபு' சரியாக இருக்கும்.

> முடிவுகளைத் தமிழ் எழுத்திலேயே காட்டிவிட்டால் என்ன?

அய்யோ, வேண்டாம். 'ஹார்ட்' என்று தட்டிப் பாருங்கள். இதயமும் ஹார்ட், கடினமும் ஹார்ட். துணைக்கு வரும் 'கார்ட்' ஒன்று மாட்டுவண்டி, ஒன்று சீட்டு, ஒன்று காவலாளி. இதயத்துக்கு வண்டி நிறை இயைபு, சீட்டும் காவலாளியும் இன இயைபு. நம் டகரம் மூன்றையும் ஒரே சட்டைக்குள் போட்டுவிடும், பயனர் எதை நம்புவார்? ஒப்பிடுவது ஒலிக்குறியில் நடக்கட்டும், தலைப்பு மட்டும் தமிழில் இருக்கட்டும்.

மோஷன்–ஓஷன் போல அழுத்தத்துக்குப் பின் இன்னோர் அசை தொங்கும் வகை பாக்கி நிற்கிறது. 'ஈரசை இயைபு' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் நம் அசைக் கணக்கில் மோ-ஷன் நேர் நேர் (இரண்டுமே நேரசை), ஓ-ஷன்னும் நேர் நேர். மூன்றசை ஆங்கிலச் சொல் வந்தால் நம் கணக்கும் அவர்கள் கணக்கும் எங்கே முட்டும் என்று யாப்பில் பழகியவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பொத்தானை வெறுமையாக விட்டிருக்கிறேன்.