குளோசபின் அளவு 780 என்று ரிப்போர்ட், டோஸைக் குறைக்கலாமா?

கல்முனைத் தாதி
கிளினிக்குக்கு வாற ஒருவருக்கு குளோசபின் (மனச்சிதைவு நோய்க்கான மருந்து) காலை 100, இரவு 300 மில்லிகிராம். ஒரு மாதமாக டோஸ் மாறவில்லை. ரிப்போர்ட்டில் இரத்தத்தில் மருந்தின் அளவு 780 நனோகிராம்/மில்லிலீற்றர். காலைக் குளிசையை 8 மணிக்குப் போட்டுவிட்டு வந்தவர். இரத்தம் எடுத்தது பத்தரைக்கு. எச்சில் வடியுது, வேறொன்றும் இல்லை. வீட்டுக்காரர் குறைக்கச் சொல்லி நிக்கிறாங்க.

மருந்தாளர், மட்டக்களப்பு
அந்த 780-ஐ நம்பிக் குறைக்க வேண்டாம், மிஸ். குளோசபின் குடித்து இரண்டரை மணித்தியாலம் போல்தான் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். சரியாக அந்த நேரத்தில் ஊசி குத்தியிருக்கு. நாம் ஒப்பிடுற 350 முதல் 600 வரை என்பது கடைசி டோஸுக்கு 12 மணித்தியாலம் கழித்து எடுத்த இரத்தத்துக்கானது. இரவுக் குளிசை 9 மணிக்கென்றால் மறுநாள் காலை 9 மணிக்கு எடுங்க. காலைக் குளிசையைக் கையோடு கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். அதற்கு முன் ஒரு கிழமையாவது ஒரு டோஸும் தவறாமல் போட்டிருக்க வேணும். ஈ.டி.டி.ஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாய்தான் சரி, ஜெல் உள்ளதில் எடுக்காதீங்க. கடைசிக் குளிசையின் நேரம், இரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதுங்க; நேரமில்லாத இலக்கத்தை வைத்து ஒருவரும் முடிவெடுக்க ஏலாது.

திரும்ப எடுத்தும் 600-க்கு மேல் என்றால் வலிப்பு, மலச்சிக்கல் இரண்டையும் கவனமாகப் பார்க்க வேணும். மலச்சிக்கலை இலேசாக எடுக்க வேண்டாம், குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். 1000-ஐத் தாண்டினால் ஆள் நல்லா இருந்தாலும் உடனே மனநல மருத்துவருக்குச் சொல்லுங்க. பயத்தில் வீட்டில் தாங்களே நிறுத்திவிடுறதுதான் பெரிய கரைச்சல்: 48 மணித்தியாலத்துக்கு மேல் விட்டால் பழைய டோஸுக்கு நேரே போக முடியாது, 12.5 மில்லிகிராமில் இருந்து திரும்பத் தொடங்க வேணும்.

மனநலப் பிரிவு வைத்தியர், அம்பாறை மாவட்டம்
சிகரெட், பீடி, சுருட்டு பற்றிக் கட்டாயம் கேளுங்க. புகையில் உள்ள சேர்மங்கள் ஈரலில் குளோசபினை உடைக்கும் நொதியைத் தூண்டும். இதில் நிக்கொட்டினுக்குப் பங்கில்லை. ஆகவே புகையை விட்டவர் நிக்கொட்டின் பட்டை ஒட்டினாலும், ஒரு கிழமைக்குள் அளவு ஒன்றரை மடங்காகவோ அதற்கு மேலோ ஏறலாம். வோர்ட்டில் புகைக்க விடாத நாட்களிலும் இதே கதைதான். நோன்பு காலத்தில் புகை, கோப்பி, குளிசை நேரம் மூன்றும் ஒன்றாக மாறும். அப்போது எடுத்த அளவை மற்ற மாதத்தோடு அப்படியே ஒப்பிட வேண்டாம். சிப்ரோபுளொக்சசின் (கிருமிக்கொல்லி), புளுவொக்சமின் (மனச்சோர்வு மருந்து) கொடுத்தாலும் ஏறும்.

மாரியில் இன்னொன்று. கடும் காய்ச்சலே குளோசபின் அளவை உயர்த்தும். டெங்கு என்றால் வெள்ளணுவும் குறையும், குளோசபினாலும் குறையும். டெங்குதான் என்று விட்டுவிடாமல் நியூட்ரோபில் (வெள்ளணுவில் ஒரு வகை) எண்ணிக்கையை அன்றே பாருங்க. மருந்தின் அளவு சரியாக இருந்தாலும் வெள்ளணு விழலாம். மருந்து அளவுப் பரிசோதனைக்குப் பதில் வெள்ளணுப் பரிசோதனையோ, அதற்குப் பதில் இதுவோ ஆகாது.

ஆய்வுகூடம்
அலகையும் பாருங்க. நனோமோல்/லீற்றரில் வந்தால் 0.327-ஆல் பெருக்க வேணும்: 1070 என்பது 350 நனோகிராம்தான். நோர்குளோசபினும் (குளோசபின் உடலில் உடைந்து வருவது) போட்டிருந்தால் குளோசபினை அதனால் வகுங்க. வழமையாக 1.3 அளவில் வரும். 0.5-க்குக் கீழே என்றால் குளிசை ஒழுங்காகப் போடவில்லையோ என்று சந்தேகிக்கலாம். 2-க்கு மேல் என்றால் இரத்தம் எடுத்த நேரம் பிழை, அல்லது மருந்து உடைவது தடைப்படுது.

கல்முனைத் தாதி
நன்றி. திங்கட்கிழமை 9 மணிக்கு வரச் சொல்லியிருக்கு. வேறு மனநோய் மருந்தை மாத ஊசியாகப் போடுறவங்களுக்கு இரத்தம் எப்ப எடுக்கிறது?

மருந்தாளர், மட்டக்களப்பு
அடுத்த ஊசி போடுறதுக்குச் சற்று முன். தொடங்கிச் சில மாதம் போனபிறகுதான் அளவு நிலைக்கு வரும், அதற்கு முன் எடுத்துப் பயனில்லை.